இரக்கம் இல்லத்திலே பிறக்கட்டும்

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் பங்கு ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்து பொன்விழாக் காண்கிறது. கோயிலுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. கொடிமரத்துக்குப் புது வண்ணம் பூசியாகிவிட்டது. சப்பரத்துக்கு மின்விளக்கு அலங்காரமும் பேசி முடித்தாகிவிட்டது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் யூபிலி என்னும் சொல்லின் பொருளைச் சற்றே நின்று எண்ணிப் பார்ப்பது நம் கடமை. லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்திலே, ஐம்பதாம் ஆண்டை யூபிலி ஆண்டாகக் கொண்டாடும்படி ஆண்டவர் இசுராயேல் மக்களுக்குக் கட்டளையிட்டார். நாடெங்கும் எக்காளம் ஊதச் சொன்னார். எதற்காக? வறுமையினால் தன் காணியை விற்றவன் அதைத் திரும்பப் பெறவேண்டும். வறுமையினால் தன்னையே விற்றுக்கொண்டவன் விடுதலை பெற்றுத் தன் பிள்ளைகளோடு சொந்தக் குடும்பத்துக்குத் திரும்பவேண்டும் என்பதற்காக. ஆகவே யூபிலி என்பது இரக்கத்தின் ஆண்டு. எக்காளம் ஊதி, ஏழையின் கண்ணீரை மறந்துவிட்டால் அது யூபிலி ஆகாது.

இன்று பத்து வயது நிரம்பிய நம் பிள்ளைகள், இப்பங்கின் நூற்றாண்டு விழாவின்போது அறுபது வயதுப் பெரியவர்களாக இங்கே அமர்ந்திருப்பார்கள். அன்று இந்தக் கோயில் எப்படி இருக்கும் என்பதை நாம் அறியோம். ஆனால் அன்றைய விசுவாசிகள் எப்படி இருப்பார்கள் என்பதை இன்று நம் வீட்டுத் திண்ணையிலும், சமையற்கட்டிலும், செபமாலை சொல்லும் பாயிலும் நாமே முடிவு செய்துகொண்டிருக்கிறோம். ஆகவேதான் பிள்ளைகளுக்கு இரக்கத்தைக் கற்பிப்பது பற்றி இன்று உங்களோடு பேச விழைகிறோம்.

இரக்கம் என்பது என்ன?

இரக்கச் செயல்கள் எத்தனை என்று கேட்டால் நம் மறைக்கல்விப் பிள்ளைகள் தயங்காமல் விடை சொல்வார்கள். உடலைச் சார்ந்தவை ஏழு, ஆன்மாவைச் சார்ந்தவை ஏழு, ஆகப் பதினான்கு என்று வரிசையாக ஒப்புவிப்பார்கள். மகிழ்ச்சியே. ஆனால் ஒப்புவிப்பது வேறு, உள்ளம் உருகுவது வேறு.

பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் இரக்கத்தைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று 'ரஹமிம்'. 'ரெஹெம்' என்றால் தாயின் கருப்பை. பத்து மாதம் சுமந்த பிள்ளை துடிக்கும்போது பெற்ற வயிறு எப்படிக் கலங்குமோ, அப்படிக் கலங்குவதே இரக்கம். புதிய ஏற்பாட்டை எழுதிய கிரேக்க மொழியிலும் இப்படித்தான். வயிறும் குடலும் உருகுவதைக் குறிக்கும் ஒரு சொல்லை லூக்காஸ் மூன்று இடங்களில் கையாளுகிறார். நயீன் ஊர்க் கைம்பெண்ணின் ஒரே மகனுடைய பாடையைக் கண்டபோது நம் ஆண்டவருக்கு நேர்ந்ததும் அதுவே. அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட சமாரியனுக்கு நேர்ந்ததும் அதுவே. ஊதாரி மகன் தூரத்தில் வரக் கண்ட தகப்பனுக்கு நேர்ந்ததும் அதுவே. மூவரையும் ஒரே சொல்லால் குறிப்பிடுகிறார். இந்த மூன்று இடங்களிலும் முதலில் வருவது கண்டார் என்பது. அடுத்து வருவது மனமிரங்கினார் என்பது. அதற்கடுத்து வருவது ஒரு செயல். பாடையைத் தொட்டார், காயத்தைக் கட்டினான், ஓடிச்சென்று தழுவினார். காண்பது, கலங்குவது, கைநீட்டுவது என்னும் இம்மூன்றும் சேர்ந்ததே கிறிஸ்தவ இரக்கம்.

நம் தமிழில் 'இரங்குதல்' என்ற சொல்லுக்கு அண்டை வீட்டுக்காரன்போல் 'இறங்குதல்' என்ற சொல் இருக்கிறது. எழுத்து வேறானாலும் நமக்கு அது ஒரு பாடம் சொல்லுகிறது. யெரிக்கோ செல்லும் பாதையிலே சமாரியன் அடிபட்டவனைத் தன் வாகனத்தின்மீது ஏற்றினான் என்று வாசிக்கிறோம். அவனை ஏற்றியபின் தான் நடந்துதானே போயிருப்பான்! நாம் இருக்கும் இடத்திலிருந்து இறங்காமல் விழுந்து கிடப்பவனை ஏற்ற இயலாது. இதை ஒரு குழந்தை புரிந்துகொண்டால் அது ஞானோபதேசத்தில் பாதியைப் புரிந்துகொண்டதற்குச் சமம்.

முதற்பள்ளி வீடே

பெற்றோரில் சிலர், "சாமி, பிள்ளைகளை மறைக்கல்விக்கு அனுப்பிவிட்டோம், கன்னியர் சொல்லிக் கொடுப்பார்கள்" என்று எண்ணிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மறைக்கல்வி. வாரத்தில் மொத்தம் 168 மணி நேரம். மீதி 167 மணி நேரத்துக்கு ஆசிரியர் யார்? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டு திருச்சபை பற்றி வெளியிட்ட ஏட்டில் குடும்பத்தை இல்லத் திருச்சபையாகக் காட்டியது. 1965-ல் கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கையிலோ பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று தெளிவாக அறிவித்தது. பங்குக்குருவும் கன்னியரும் உங்களுக்குத் துணை நிற்பவர்களே அன்றி உங்களுக்குப் பதிலாள்கள் அல்லர்.

நம் வள்ளுவர் பெருமானும் இவ்வுண்மையை வேறொரு வகையில் உணர்த்துகிறார். அன்புடைமை என்னும் அதிகாரத்தை இல்லறவியலில் வைத்தார். அருளுடைமை என்னும் அதிகாரத்தைப் பின்னால் துறவறவியலின் தொடக்கத்தில் வைத்தார். மனைவி மக்களிடத்தில் தொடங்கும் அன்பு வளர்ந்து முதிர்ந்து எல்லா உயிர்களையும் தழுவும் அருளாகிறது. நாற்றங்காலில் முளைக்காத பயிர் வயலில் எங்ஙனம் விளையும்?

கிறிஸ்தவப் பெற்றோர் அடிக்கடி வாசிக்கவேண்டிய நூல் ஒன்று விவிலியத்தில் உண்டு. அது தோபித்து ஆகமம். நினிவே நகரில் சிறைப்பட்டு வாழ்ந்தவர் தோபித்து. பெந்தெகொஸ்து திருநாளன்று அவர் வீட்டில் நல்ல விருந்து சமைத்து வைத்திருந்தது. உணவில் கைவைக்குமுன் அவர் என்ன செய்தார்? தம் மகன் தோபியாவை அழைத்து, நம் மக்களுள் வறியவன் ஒருவனைத் தேடி அழைத்து வா, நீ வருமட்டும் நான் உண்ணாமல் காத்திருப்பேன் என்று அனுப்பினார். போன மகன் விருந்தாளியோடு திரும்பவில்லை; நம்மவன் ஒருவன் கொலையுண்டு சந்தைவெளியில் கிடக்கிறான் என்ற செய்தியோடு திரும்பினான். தோபித்து உணவைத் தொடாமல் எழுந்துபோய் அந்த உடலைத் தூக்கிவந்து மறைத்துவைத்து, கதிரவன் மறைந்தபின் அடக்கம் செய்தார். இது 2-ஆம் அதிகாரம். ஏழைக்கு முகத்தைத் திருப்பாதே, உள்ளதற்குத் தக்கபடி தருமம் செய் என்று மகனுக்கு அவர் நீண்ட புத்திமதி சொல்வதோ 4-ஆம் அதிகாரம். முதலில் மகன் கண்ணால் கண்டான். பிறகுதான் காதால் கேட்டான். பெற்றோரே, நம் வீடுகளில் 2-ஆம் அதிகாரம் இல்லாமலே 4-ஆம் அதிகாரம் நடக்கிறது. அதனால்தான் புத்திமதி ஒட்டுவதில்லை.

இக்காலத்துக்கு வருவோம். அன்னை தெரேசா 1910-ஆம் ஆண்டு ஸ்கோப்யே நகரில் பிறந்தவர். அவருக்கு ஏறக்குறைய எட்டு வயதிருக்கும்போதே தந்தை இறந்துபோனார். தாயார் கையுழைப்பால் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். அந்த நெருக்கடியிலும் அவர் வீட்டு உணவு மேசையில் ஏழைகளுக்கு இடம் இருந்தது. அவர்களும் நம்மவர்களே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். நோயாளிகளையும் கைவிடப்பட்டவர்களையும் காணப் போகும்போது மகளையும் உடனழைத்துச் சென்றார். 2016-ல் புனிதர் பட்டம் பெற்ற அந்த அன்னையின் பள்ளிக்கூடம் கல்கத்தாவில் தொடங்கவில்லை. தாயின் சமையற்கட்டில் தொடங்கியது. அவ்வாறே, 1833-ல் பாரிசு நகரில் தம் இருபதாம் வயதில் நண்பர்களோடு வின்சென்ட் தெ பவுல் சபையைத் தொடங்கியவர் பிரெடெரிக் ஓசானாம். அவருடைய தந்தை லியோன் நகரில் ஏழை நோயாளிகளுக்குப் பரிவோடு சிகிச்சை செய்த மருத்துவர். தந்தையின் அடிச்சுவடுதான் மகனுக்குப் பாதையாயிற்று.

நெஞ்சில் எழும்பும் சுவர்

வீடு மந்திரிக்கச் செல்லும் வேளைகளில் நாம் காண்பவை பல. பிள்ளை வாசலில் நின்று கைகூப்பித் தோத்திரம் சொல்லும். மங்கள வார்த்தை செபத்தைப் பிழையின்றிச் சொல்லும். பின்கட்டில் கயிற்றுக் கட்டிலில் கிடக்கும் பாட்டியோ குடிக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டேயிருப்பார். "அது எப்போதும் அப்படித்தான் சாமி, கத்திக்கொண்டே இருக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். 'அது' என்ற சொல்லைக் குழந்தை கேட்டுக்கொள்கிறது. இன்று பாட்டியை 'அது' என்று கேட்ட பிள்ளை, நாளை நம்மை எப்படி அழைக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்லத்தான் வேண்டும். தெருக் கூட்ட வருகிற அம்மாளுக்குக் காப்பி கொடுக்கிறோம். கொடுப்பது நல்லதே. ஆனால் அதற்கென்று ஒரு தம்ளர் தனியாகக் கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைத்திருந்தால், காப்பியில் இருந்த இரக்கம் அந்தத் தம்ளரில் செத்துப்போகிறது. "அந்தத் தெருப் பிள்ளைகளோடு சேராதே" என்று ஒருமுறை சொன்னால் போதும்; ஓராண்டு மறைக்கல்வி அழிந்துபோகும். பிழைப்புத் தேடி வடமாநிலங்களிலிருந்து வந்து நம் ஊரில் கல்லும் மண்ணும் சுமக்கும் இளைஞர்களைக் கேலிப்பெயர் சொல்லிப் பேசும்போதும், நம் பிள்ளைகள் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

புனித தேவசகாயம் 1712-ல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் பணியாற்றி, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். சாதி வேறுபாடு பாராமல் எல்லோரோடும் பழகினார். விசுவாசத்துக்காக 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். ஆனால் அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் எழுந்த கோயிலிலே, சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்த சுவர் ஒன்றும் இருந்தது என்பது வருந்தத்தக்க வரலாறு. 1910-ல் அச்சுவர் இடிக்கப்பட்டது. அதை மீண்டும் எழுப்பவேண்டுமென்று வழக்குத் தொடுத்தவர்களும் உண்டு. அவர்கள் வெற்றி பெறவில்லை. கோயிலில் உள்ள கற்சுவரைக் கடப்பாரையால் இடித்துவிடலாம். பிள்ளையின் நெஞ்சில் தாயும் தந்தையும் எழுப்பும் சுவரை எந்தக் கடப்பாரை கொண்டு இடிப்பது? நம் சாதிக்காரன் விழுந்தால் மட்டும் இரங்குவது இரக்கமன்று. அது உறவுமுறைக் கடன். சமாரியன் கதையின் உயிர்நாடியே, தூக்கியவன் ஓர் இனம், விழுந்தவன் வேறோர் இனம் என்பதில்தானே இருக்கிறது!

இல்லத்தில் செய்யத்தக்கவை

ஆகவே நம் வீடுகளில் உடனே தொடங்கக்கூடிய சிலவற்றைச் சொல்லுகிறோம். இவற்றுக்குப் பெரும்பணம் தேவையில்லை.

முதலாவது, செபத்தில் பெயர் சொல்லுங்கள். இரவில் குடும்பச் செபமாலை முடிந்ததும், "இன்று நீ கண்டவர்களில் துன்பப்பட்டவர் யார்?" என்று பிள்ளையைக் கேளுங்கள். மதிய உணவு கொண்டுவராத வகுப்புத் தோழனையோ, கால் ஊனமுற்ற பக்கத்து வீட்டு அண்ணனையோ அது சொல்லும். அவருக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். பிறகு, "நாளைக்கு நாம் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். இக்கேள்வி மிகவும் முக்கியம். செபத்துக்குக் கால் முளைக்கும் இடம் அதுவே.

இரண்டாவது, பிடியரிசி. நம் பாட்டிமார் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போடுவார்கள். அந்த நல்ல வழக்கத்தைப் பிள்ளைகளின் கையால் மீண்டும் தொடங்குங்கள். ஒரு பிடி ஏறத்தாழ 50 கிராம் என்று வைத்துக்கொண்டால் முப்பது நாளில் 1½ கிலோ. இருநூறு குடும்பங்கள் செய்தால் மாதம் 300 கிலோ. பங்கில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாமல் இருக்காது. அதைவிடப் பெரிய பயன், 'நம் சோற்றில் இன்னொருவருக்கும் பங்குண்டு' என்பதைக் குழந்தையின் கை நாள்தோறும் கற்றுக்கொள்ளும்.

மூன்றாவது, பிள்ளை தன்னுடையதைக் கொடுக்கட்டும். தவக்கால உண்டியலுக்கு அப்பா பத்து ரூபாய் கொடுப்பார். பிள்ளை அதைப் போடும். கொடுத்தது அப்பாதானே, பிள்ளை அல்லவே! தின்பண்டத்துக்கு வைத்திருந்த காசில், பட்டாசுக்குச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியைத் தானே மனமுவந்து போடட்டும். ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு சிறு காசுகளை ஆண்டவர் புகழ்ந்தது அவற்றின் மதிப்புக்காக அன்று. அவள் தன் பிழைப்புக்கு வைத்திருந்ததையே போட்டதற்காக. பழைய துணி கொடுக்கும்போதும் கிழிந்ததைக் கொடுக்க வேண்டாம். துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்கும்போது கைப்பேசியில் படம் எடுத்து ஊருக்குக் காட்டவும் வேண்டாம். வாங்குகிறவருக்கும் முகம் உண்டு, மானம் உண்டு.

நான்காவது, உடனழைத்துச் செல்லுங்கள். நோயாளியைப் பார்க்கவும், துக்க வீட்டுக்கும், முதியோர் இல்லத்துக்கும் செல்லும்போது பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். "பரீட்சை இருக்கிறது, பயந்துகொள்ளும்" என்று விட்டுச் செல்லவேண்டாம். துன்பத்தைக் கண்டிராத பிள்ளை துன்பத்துக்கு இரங்கக் கற்பது அரிது.

ஐந்தாவது, வீட்டுக்குள்ளே மன்னிப்பு நடமாடட்டும். தம்பியை அடித்த அண்ணனைத் திருப்பி அடிப்பதால் இரக்கம் பிறக்காது. "அவன் எப்படி அழுகிறான், பார், அவனுக்கு இப்போது என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டால் பிறக்கும். கணவன் மனைவியிடமும், தாய் பிள்ளையிடமும் தேவைப்படும்போது மன்னிப்புக் கேட்கத் தயங்கவேண்டாம். அதனால் பெற்றோரின் மதிப்புக் குறைந்துவிடாது.

"ஏமாந்துவிடுவார்கள், சாமி!"

"இப்படி வளர்த்தால் பிள்ளை ஏமாளியாகிவிடும், போட்டி நிறைந்த உலகத்தில் பிழைக்கத் தெரியாமல் போய்விடும்" என்று சிலர் அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் நியாயமானதே. ஆனால் நல்ல சமாரியனைச் சற்று உற்றுப் பாருங்கள். அவன் ஏமாளியா? எண்ணெயும் இரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டத் தெரிந்தவன். சத்திரத்தில் சேர்க்கத் தெரிந்தவன். சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தான். ஒரு தெனாரியம் ஒரு நாட்கூலி என்பது மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உவமையிலிருந்து விளங்கும். ஆக, இரண்டு நாட்கூலியை முன்பணமாகக் கொடுத்து, மேற்செலவுக்குத் திரும்பி வரும்போது கணக்குத் தீர்ப்பதாகச் சொல்லித் தன் பயணத்தையும் தொடர்ந்தான். அறிவோடு கூடிய இரக்கம் இதுவே. கேட்பவர் எல்லாருக்கும் காசு கொடுக்கவேண்டும் என்பதில்லை. குடிக்கக் கேட்பவனுக்குச் சோறு வாங்கிக் கொடுக்கலாம். முன்பின் அறியாதவரிடம் பிள்ளை தனியே செல்லவேண்டாம், பெற்றோரோடு செல்லட்டும். வின்சென்ட் தெ பவுல் சபையாரும் ஏழைகளின் இல்லங்களுக்கு இருவர் இருவராகத்தானே செல்கிறார்கள்.

மேலும், பெற்றோரே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். முதல் மதிப்பெண் வாங்கி, வெளிநாடு சென்று, கைநிறையச் சம்பாதித்து, இரக்கம் மட்டும் இல்லாத மகனால் உங்கள் முதுமைக்கு என்ன பயன்? லாசரை வாசலிலே கண்டும் காணாதிருந்த பணக்காரன் அவனை அடித்தான் என்றோ துரத்தினான் என்றோ நற்செய்தி சொல்லவில்லை. அவன் ஒன்றுமே செய்யவில்லை. அதுவே அவன் பாவம். நம் பிள்ளைகள் அந்த வாசலுக்குள் வளரவேண்டாம்.

பொன்விழாக் காணிக்கை

இந்தப் பொன்விழா ஆண்டில் நம் பங்கு ஆண்டவருக்குக் கொடுக்கத்தக்க காணிக்கை ஒன்றைக் கூறி முடிக்கிறோம். ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளைகளோடு கலந்து பேசி, ஆதரவற்ற ஒருவரை இந்த ஓராண்டுக்குத் தன் உறவாக ஏற்றுக்கொள்ளட்டும். அவர் தனித்து வாழும் மூதாட்டியாக இருக்கலாம். படுக்கையில் கிடக்கும் நோயாளியாக இருக்கலாம். எம்மதத்தவராகவும் எக்குலத்தவராகவும் இருக்கலாம். மாதம் இருமுறையாவது பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து போய்ப் பாருங்கள். பணத்தைவிட, உட்கார்ந்து பேசும் அரைமணி நேரம் அவர்களுக்குப் பெரிது. திருநாள் அசனத்தின்போது அவர்களே முதற்பந்தியில் அமரட்டும். நம் பிள்ளைகள் இலை போட்டுப் பரிமாறட்டும். பிறகு நாம் எல்லாரும் ஒரே பந்தியில் உண்போம்.

குழந்தைகளே, உங்களுக்கும் ஒரு சொல். அருளப்பர் நற்செய்தியிலே ஐயாயிரம் பேர் பசித்திருந்தபோது, ஒரு சிறுவனிடம் ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் இருந்தன. அவன் பெயர் யாருக்கும் தெரியாது. அவனுக்கு அந்த உணவைக் கட்டிக்கொடுத்து அனுப்பியவர் யாரோ, அவர் பெயரும் தெரியாது. ஆனால் அந்தச் சின்னக் கூடையிலிருந்துதான் ஆண்டவர் அத்தனை பேருக்கும் உணவளித்தார். உங்கள் கையில் இருப்பது கொஞ்சம்தான்; அதை ஆண்டவரிடம் கொடுக்க அஞ்சாதீர்கள்.

எம் அன்புக்குரிய பெற்றோரே! உங்கள் பிள்ளைகளின் கையில் அந்தக் கூடையைக் கட்டிக்கொடுப்பவர்கள் நீங்களே. வியாகுலமுற்றும் பிறர் துயரை மறவாத தேவதாயின் பரிந்துரையால், இரக்கமுள்ள ஆண்டவர் உங்கள் இல்லங்களையும் குழந்தைகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.